கடைக்கோடித் தீவும் ஓட்டுரிமையும்

கேம்பல் பே மக்களுக்கு ஓட்டு உண்டு, சட்டசபை இல்லை. கட்சி சாராத ஊர்ச் சங்கங்களுக்கு அங்கே என்ன வேலை?

இந்தியாவின் தென்கோடி எது என்று பள்ளிக்கூடப் பையனைக் கேட்டால் கன்னியாகுமரி என்று பட்டென்று பதில் வரும். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் குமரி முனையைவிட ஒரு டிகிரிக்கு மேல் தெற்கே இறங்கியிருக்கிறது கிரேட் நிக்கோபார் தீவு. அதன் கடைசி நுனி இந்திரா முனை. தீவின் ஒரே பெரிய ஊர், துறைமுகம், கடைத்தெரு, அரசு அலுவலகங்கள் எல்லாம் சேர்ந்த இடம் கேம்பல் பே. அந்தமானின் தலைநகரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல் வழி. முன்பு போர்ட் பிளேர் என்றும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கும் அந்த நகரிலிருந்து, வழியில் உள்ள தீவுகளையெல்லாம் தொட்டுக்கொண்டு கப்பல் வந்து சேர இரண்டு மூன்று நாட்கள் ஆகிவிடும். அவசரமென்றால் ஹெலிகாப்டர், அதில் இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். சென்னையைவிடச் சுமத்ரா இந்த ஊருக்கு மிகவும் பக்கம்.

இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஊரிலும் தமிழ்ச் சொல் காதில் விழும். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளிகளுக்கும் ஹிந்தி பேசுவோருக்கும் அடுத்த பெரிய கூட்டம் நம்மவர்களே. கப்பல் துறையிலும் சாலைப் பணியிலும், குமாஸ்தா மேஜையிலும் கடைக் கல்லாவிலும் அவர்களைப் பார்க்கலாம். அவர்களுடைய ஓட்டு எங்கே இருக்கிறது, அந்த ஓட்டைக் கொண்டு அவர்கள் எதைச் சாதித்துக்கொள்ள முடியும் என்ற கேள்வி, வெளியூரில் பிழைக்கும் தமிழர் அனைவருக்கும் பொதுவானது.

மாஜி ராணுவத்தினரின் குடியேற்றம்

1969 வரை கிரேட் நிக்கோபாரில் வாழ்ந்தவர்கள் ஷோம்பென்களும் நிக்கோபாரிகளும் மட்டுமே என்று சொல்லிவிடலாம். ஷோம்பென்கள் அடர்ந்த காட்டின் உள்ளே வாழ்பவர்கள். வேட்டையும் கிழங்கும் பழமும் அவர்கள் ஜீவனம். நிக்கோபாரிகள் கடற்கரை ஓரத்துத் தென்னந்தோப்புக்காரர்கள். எல்லையில் உள்ள தீவு ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடக்கக்கூடாது என்று கருதிய மத்திய அரசு, 1969இல் மாஜி ராணுவ வீரர்களைக் குடும்பத்தோடு இங்கே குடியேற்றத் தொடங்கியது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் அதிகம். மகாராஷ்டிரம், உத்தரப்பிரதேசம், கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய இடங்களிலிருந்தும் வந்தார்கள். கிழக்குக் கரையோரமாகக் கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்கள் எழுந்தன. காட்டை வெட்டி, தென்னையும் பாக்கும் நட்டு, கொசுவோடும் மலேரியாவோடும் போராடிக் குடியேறியவர்கள் ஊரை உண்டாக்கினார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை அந்த உழைப்பில் பெரும் பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. பூகம்பத்தில் தீவின் தென்முனை சுமார் நாலேகால் மீட்டர் கீழே அமிழ்ந்தது. கரையில் நின்ற இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் கடலுக்குள் நிற்கும்படி ஆயிற்று. கரையோரச் சாலை அறுந்தது. தென்கரையிலும் மேற்குக் கரையிலும் இருந்த நிக்கோபாரிக் கிராமங்கள் அழிந்தன. உயிர் தப்பியவர்கள் கேம்பல் பே அருகே ராஜீவ் நகர், புதிய சிங்கென் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்களுடைய நீண்ட நாள் கோரிக்கை.

மூன்று லட்சம் பேருக்கு ஒரே பிரதிநிதி

இந்த யூனியன் பிரதேசத்துக்குச் சட்டசபை கிடையாது, முதலமைச்சர் கிடையாது, எம்.எல்.ஏ. என்று சொல்லிக்கொள்ள ஒருவர் கிடையாது. மத்திய அரசு நியமிக்கும் துணைநிலை ஆளுநரின் கீழ் அதிகாரிகள் நிர்வாகம் நடத்துகிறார்கள். மக்கள் தேர்ந்தெடுத்து பார்லிமெண்டுக்கு அனுப்புவது ஒரே ஒரு லோக்சபை உறுப்பினரை. அந்த உரிமையும் சுதந்திரத்தோடு கூடவே வந்துவிடவில்லை. 1952, 1957, 1962 ஆகிய மூன்று லோக்சபைகளுக்கும் தீவுகளின் பிரதிநிதியை ஜனாதிபதியே நியமித்தார். முதல் லோக்சபைக்கு நியமனமானவர் நிக்கோபாரிகளின் பாதிரியாராகவும் பிறகு பிஷப்பாகவும் விளங்கிய ஜான் ரிச்சர்ட்சன். தீவு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டது 1967இல்தான். அந்தத் தேர்தலில் வென்றவர் கே.ஆர். கணேஷ்.

2024 தேர்தலின்போது தீவுகளின் வாக்காளர் தொகை மூன்று லட்சத்துக்கு மேல் இருந்தது. கிரேட் நிக்கோபாரின் மொத்த ஜனத்தொகையோ 2011 கணக்குப்படி சுமார் எட்டாயிரம். "நம் ஓட்டால் என்ன ஆகிவிடப்போகிறது?" என்ற சலிப்பு இத்தகைய ஊரில் எழுவது இயற்கை. ஆனால் கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. 2009 தேர்தலில் இந்தத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 2,990 ஓட்டு. 2019 தேர்தலில் அது 1,407 ஓட்டு. ஒன்றிரண்டு வாக்குச்சாவடிகளில் அடங்கிவிடக்கூடிய எண்ணிக்கை! 2024இல் வித்தியாசம் 24,396 ஆக உயர்ந்தது உண்மைதான். என்றாலும், ஒரு சிறு தீவு நினைத்தால் முடிவையே மாற்றிவிடக்கூடிய தேர்தல்களும் இங்கே நடந்திருக்கின்றன என்பதை மறக்கலாகாது.

தேர்தலுக்கும் தேர்தலுக்கும் நடுவே

ஓட்டுப்போடுவது ஒரு நாள் வேலை. மீதி நாட்களில் ஊர்க்குறையை யாரிடம் சொல்வது? கப்பல் வரவில்லை, ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, பாலம் கட்டப்படவில்லை என்று சொல்லிக்கொள்ள எம்.எல்.ஏ. இல்லாத ஊரில், அந்தப் பொறுப்பு மற்ற அமைப்புகள் மேல் விழுகிறது. குடியேறியவர்களின் ஊர்களுக்குக் கேம்பல் பே, கோவிந்த் நகர், லட்சுமி நகர் ஆகிய மூன்று கிராமப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. 1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. பழங்குடிப் பகுதிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே கிராமத்துக்குக் கிராமம் 'கேப்டன்' என்ற தலைவரும், அவர்களுக்கு மேலே பழங்குடிக் கவுன்சிலும் உண்டு. லிட்டில் நிக்கோபாருக்கும் கிரேட் நிக்கோபாருக்கும் சேர்த்து ஒரு கவுன்சில் இயங்குகிறது. அது கட்சி அல்ல. தேர்தலில் எந்தச் சின்னத்துக்கும் ஓட்டுக் கேட்பது அதன் வேலையும் அல்ல. ஊருக்காகப் பேசுவதே வேலை.

அந்தப் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பது 2022இல் தெரிந்தது. கலாத்தியா விரிகுடாவில் சரக்குக் கப்பல் துறைமுகம், விமான நிலையம், புதிய நகரம், மின் நிலையம் ஆகியவை அடங்கிய பெருந்திட்டம் ஒன்றை மத்திய அரசு வகுத்தது. ஆரம்ப மதிப்பீடு சுமார் 72,000 கோடி ரூபாய். எடுத்துக்கொள்ளும் பரப்பு 166 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு. 2022 ஜனவரி 27ஆம் தேதி கேம்பல் பேயில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெற்றது. அந்த ஆண்டு நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. அதே நவம்பரில் பழங்குடிக் கவுன்சில், தான் முன்பு கொடுத்திருந்த ஆட்சேபணையின்மைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதியது. சுனாமிக்கு முன் தங்கள் முன்னோர் வாழ்ந்த கிராமங்களும் திட்டப் பரப்புக்குள் வருவது தங்களுக்கு முறையாகத் தெரிவிக்கப்படவில்லை என்பது கவுன்சிலின் புகார்.

திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் தீவிலேயே இரண்டு கருத்து உண்டு. பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், கப்பலும் விமானமும் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நிலமும் காடும் போய்விடும் என்று அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கையெழுத்துப் போடுமுன் காகிதத்தை முழுவதும் படிக்கவேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லவேண்டும். ஊர்ச் சங்கத்தின் முதல் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கென்றே 2006ஆம் ஆண்டு அறிவிக்கையில் விதிகள் இருக்கின்றன. முப்பது நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். திட்டத்தின் சுருக்கம் ஆங்கிலத்தில் மட்டுமின்றி வட்டார மொழியிலும் கிடைக்கவேண்டும். நேரில் வரமுடியாதவர் எழுத்தில் கருத்து அனுப்பலாம். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பை மக்களுக்குப் புரியும் மொழியில் அங்கேயே படித்துக் காட்டவேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை மட்டும் விதியில் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டமே. ஆகையால் வராமல் இருப்பதை எதிர்ப்பு என்று நினைத்துக்கொள்வது ஏமாற்றத்தில்தான் முடியும்.

ஒரே வாரத்தில் இரண்டு உத்தரவுகள்

கட்சி சாராத சங்கங்களால் என்ன முடியும் என்பதற்கு 2002 மே மாதத்தின் முதல் வாரம் நல்ல அத்தாட்சி. மே 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு அளித்தது. தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவரும் தம்மேல் உள்ள கிரிமினல் வழக்குகள், சொத்து, கடன், படிப்பு ஆகிய விவரங்களை வாக்காளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது அதன் சாரம். வழக்கைத் தொடுத்தது அகமதாபாத் இந்திய நிர்வாகவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர் 1999இல் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம். இந்தத் தீர்ப்பைச் செல்லாமலாக்கக் கட்சிகள் ஒன்றுகூடிச் சட்டத்தையே திருத்தின. 2003 மார்ச் 13ஆம் தேதி அந்தத் திருத்தத்தையும் கோர்ட் தள்ளிவிட்டது. இன்று வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கமுடிகிறதென்றால் அந்தச் சங்கங்கள் விடாமல் நடத்திய வழக்கே காரணம்.

அதற்கு ஐந்து நாள் கழித்து, மே 7ஆம் தேதி, அதே கோர்ட் அந்தமான் காடுகளைப் பற்றி ஓர் உத்தரவு போட்டது. மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. ஜாரவாக்களின் காட்டை ஊடுருவிச் செல்லும் அந்தமான் டிரங்க் ரோட்டை அந்தப் பகுதியில் மூடவேண்டும் என்றும் உத்தரவாயிற்று. வழக்காடியவர்கள் போர்ட் பிளேரில் இயங்கிய அந்தமான் நிக்கோபார் சூழலியல் சங்கமும் வெளியூரின் இரண்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும். ஆனால் அந்த ரோட்டில் வண்டிகள் ஓடுவது நிற்கவில்லை. உத்தரவு வாங்குவது பாதி வேலை. அது நடக்கிறதா என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது மறுபாதி.

படித்தவர்களும் வக்கீல்களும் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது என்றும் எண்ணவேண்டாம். ராஜஸ்தானத்தில் 1990 மே தினத்தன்று விவசாயக் கூலிகளும் சிறு விவசாயிகளும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பஞ்சாயத்து வேலைக்கு வந்த பணம் என்ன ஆயிற்று, கூலிப் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கணக்குக் கேட்டார்கள். 1994இல் கிராமத்து நடுவில் கூட்டம் போட்டு, பட்டியலை உரக்கப் படித்தார்கள். ஒருநாளும் வேலைக்கு வராதவர்கள் பெயரும் அதில் இருந்தது. அப்படித் தொடங்கிய கிளர்ச்சிதான் வளர்ந்து 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அந்தச் சட்டம் கேம்பல் பேக்கும் பொருந்தும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தீவின் சாலைக் கணக்கை அங்குள்ள ஒரு குமாஸ்தா கேட்டு வாங்கலாம்.

கணக்குக் காட்டாதவன் பதவிக்கு வரக்கூடாது என்பது தமிழருக்குப் புதிய செய்தியும் அல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரையும், அவன் நெருங்கிய உறவினர் பெயரையும்கூடக் குடவோலையில் எழுதலாகாது என்று விதித்திருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய விதி அது.

நடுநிலை என்பது எப்படி?

அமெரிக்காவில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்த 1920இல் தொடங்கிய மகளிர் வாக்காளர் கழகம் ஒரு நியதி வைத்துக்கொண்டது. எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை, எதிர்ப்பதும் இல்லை. ஆனால் பிரச்னைகளில் தன் கருத்தைத் துணிந்து சொல்லும். கட்சி சாராமை என்றால் வாய் மூடிக் கிடப்பது என்று பொருளல்ல.

நமது சங்கங்களுக்கும் அது ஏற்ற முறைதான். எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே கேள்விகளை எழுத்தில் கேட்கவேண்டும். வந்த பதிலை ஒரே அளவில் பலகையில் ஒட்டவேண்டும். பதில் வராவிட்டால் அதையும் எழுதவேண்டும். கட்சியில் பொறுப்பு வகிப்பவர் சங்க நிர்வாகியாக இருக்கக்கூடாது. வரவு செலவை மாதாமாதம் உறுப்பினருக்குக் காட்டவேண்டும். தேர்தல் செலவுக்கென்று ஒருவர் நீட்டும் பணத்தை, அவர் எவ்வளவு நல்லவரானாலும், வாங்கக்கூடாது. இவை அனைத்தையும் கடைப்பிடித்தால் ஊரில் கெட்ட பெயர் வராது. வெளியூரில் நாம் நடத்தும் தமிழ்ச் சங்கங்கள் பல, பொங்கல் விழாவையும் பட்டிமன்றத்தையும் சிறப்பாக நடத்துகின்றன. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்காளர் பட்டியலை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விழாவுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

பட்டியலில் பெயர்

ராமநாதபுரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். ஓட்டு ஊரில் இருக்கிறது. தேர்தல் நாளில் ஊருக்குப் போய்வர வேண்டுமானால் கப்பலில் தலைநகர், அங்கிருந்து சென்னை, பிறகு ரயில். ஒரு ஓட்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் கூலி போகும். ஆகவே அவர் ஓட்டுப் போடுவதே இல்லை. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப்போட ஓர் இயந்திரத்தைத் தேர்தல் கமிஷன் தயாரித்து, 2023 ஜனவரி 16ஆம் தேதி கட்சிகளை அழைத்துப் பேசியது. கட்சிகள் பல சந்தேகங்களைக் கிளப்பின. இயந்திரம் நடைமுறைக்கு வரவில்லை.

சட்டம் சொல்லும் வழி வேறு. ஒருவர் 'சாதாரணமாக வசிக்கும்' இடத்தில்தான் அவர் பெயர் இருக்கவேண்டும். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. சில நாள் வெளியே போய்வந்தால் உரிமை போய்விடாது. இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வது சட்டவிரோதம். பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. புதிதாகச் சேருபவருக்கு 6ஆம் எண் படிவம். வீடு மாறியவருக்கு 8ஆம் எண் படிவம். பதினெட்டு வயது நிரம்பியதைக் கணக்கிட இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று வருஷத்துக்கு நான்கு நாட்கள் இருக்கின்றன.

2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாடும் அந்தமான் நிக்கோபாரும் ஒன்றாக இடம்பெற்றன. இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்று வாக்காளர்கள் தேடவேண்டி வந்தது. சுனாமியில் பெட்டியோடு காகிதத்தையும் பறிகொடுத்தவருக்கும், மூன்று ஊர் மாறிய கூலிக்காரருக்கும் இந்தத் தேடல் எளிதல்ல. பழைய பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பெயர் தேடிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கட்சிக்காரர் செய்தால் தம் ஓட்டை மட்டும் தேடுவார். சங்கம் செய்தால் எல்லோர் பெயரையும் தேடும்.

இன்னொன்றும் தொழிலாளர் அறிந்திருக்கவேண்டும். ஓட்டுப்பதிவு நாளில் வாக்காளரான தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்பது 1996இல் சேர்க்கப்பட்ட சட்டப்பிரிவு. தினக்கூலிக்கும் இது உண்டு. மீறும் முதலாளிக்கு ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். தொகை சிறிதுதான், ஆனால் சட்டத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்பவனிடம் மேஸ்திரி குரல் தணிந்துதான் பேசுவார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 135பி.

நாளைய பட்டியல்

திட்டம் முழுவதும் நிறைவேறினால் முப்பது ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேர் வரை கிரேட் நிக்கோபாரில் வசிப்பார்கள் என்பது திட்டக்காரர்களின் கணிப்பு. 2011இல் தீவுக்கூட்டம் அனைத்துக்கும் சேர்ந்த ஜனத்தொகை 3,80,581 என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். எட்டாயிரம் பேர் வாழும் தீவில் வேலைக்கு வருபவர்கள் பட்டியலில் சேரச் சேர, ஐம்பது ஆண்டுக்கு முன் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் சிறுபான்மை ஆவார்கள். நிக்கோபாரிகள் அதைவிடச் சிறுபான்மை. ஷோம்பென்கள் 2011 கணக்கில் 229 பேர். 2024 ஏப்ரல் 19ஆம் தேதி லோக்சபைத் தேர்தலில் அவர்களில் ஏழு பேர் காட்டிலிருந்து வந்து முதல் தடவையாக ஓட்டுப் போட்டார்கள். நாடு முழுவதும் அது பெருமையாகப் பேசப்பட்டது. பெருமைதான். ஆனால் அவர்கள் மொழியில் அச்சடித்த அறிக்கை ஏதும் இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நாற்காலி போட்டாலும் அவர்கள் வந்து உட்காரப்போவதில்லை.

இங்கே தமிழர் இரண்டு பக்கத்திலும் நிற்கிறார்கள். அன்று குடியேறிய மாஜி ராணுவ வீரரின் பேரனும் தமிழன். நாளைக்கு ஒப்பந்தக்காரர் கூட்டிவரப்போகும் கூலியாளும் தமிழனாக இருக்கலாம். புதிதாக வருபவனுக்கு வசிக்கும் இடத்தில் ஓட்டுரிமை உண்டு. அதை யாரும் மறுக்கமுடியாது. பழையவனுக்குத் தன் மண்ணைப்பற்றிப் பேசும் உரிமை உண்டு. எண்ணிக்கையைக் காட்டி அதை அமுக்கவும் கூடாது. இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேசச் செய்ய, இருவருடைய ஓட்டையும் தனக்காகக் கேட்காத ஒரு சங்கத்தால்தான் முடியும்.

அதற்குக் கட்டடம் வேண்டாம். நன்கொடை ரசீதுப் புத்தகம்கூட உடனே வேண்டாம். படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு குமாஸ்தாவும், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொழிலாளியும், கூட்ட அறிவிப்பு வந்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்ல நாலு இளைஞர்களும் போதும். அடுத்த கப்பல் வரும் தேதியைக் கேம்பல் பேயில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அடுத்த கிராமசபை கூடும் தேதியையும் அதேபோல் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது.